கிரிக்கெட் மீது தீராத ஆசை, ஆட்டமோ கைவரவில்லை: அப்படிப்பட்ட குழந்தைக்குத் துணைநிற்கப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

எந்த ஊர்ப் பயிற்சி மைதானத்துக்குப் போனாலும் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கலாம். காலை ஐந்தரை மணிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து ஸ்டம்ப் நடக் கைகொடுப்பான். பயிற்சி முடிந்த பிறகு சிதறிக் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். ஆட்டம் என்று வந்தால் பதினோராவது ஆளாக மட்டையைத் தூக்கிக்கொண்டு போவான். பந்து அதிகம் வராத ஃபைன் லெக்கில் நிறுத்தப்படுவான். பல நாள்கள் அணியிலேயே இருக்கமாட்டான். இருந்தும் மறுநாள் காலை அதே நேரத்துக்கு எழுந்து காலுறையைத் தேடுவான்.

என் மகன் அப்படிப்பட்ட பிள்ளை. மதுரையில் எட்டு ஆண்டுகள் பயிற்சி வலைக்கு வெளியே நின்று அவன் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு எங்கள் பகுதிப் பிள்ளைகளின் வார இறுதிப் பயிற்சிக்கு உதவி செய்யத் தொடங்கியபோது அவனைப் போன்ற வேறு பல பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அருகிலிருந்து அறிந்தேன். பெற்றோர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். "நீதான் அடுத்த பெரிய ஆட்டக்காரன்" என்று நம்பாததைச் சொல்கிறார்கள். அல்லது "வராததைக் கட்டிக்கொண்டு அழாதே, புத்தகத்தை எடு" என்று ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். அல்லது இன்னும் விலை உயர்ந்த மட்டை, இன்னொரு பயிற்சியாளர் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் நானும் செய்திருக்கிறேன். பிள்ளையின் ஆசை ஒன்று, அவனுடைய ஆற்றல் இன்னொன்று என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிய பிறகுதான் எங்கள் வீட்டில் கிரிக்கெட் மறுபடியும் மகிழ்ச்சியான பேச்சாயிற்று. எந்த வரிசையில் செய்தால் பயன் தரும் என்று நான் கருதுகிறேனோ அந்த வரிசையிலேயே படிகளை எழுதுகிறேன்.

முதல் படி: "திறமை இல்லை" என்று சொல்வதற்கு முன் உடலையும் கருவிகளையும் சோதியுங்கள்

உயரே எழும்பும் பந்தைத் தொடர்ந்து தவறவிடும் பிள்ளைக்குக் கை சரியில்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். கண் சரியில்லாமல் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. கிட்டப்பார்வை உள்ள குழந்தை தனக்குத் தெரியும் மங்கலான உலகத்தையே இயல்பான உலகமாக எடுத்துக்கொள்வதால், தானாக வந்து குறை சொல்லாது. எதிர்முனைப் பலகையில் இருக்கும் ஸ்கோரைப் படிக்கக் கண்ணைச் சுருக்குவது, மாலை வெளிச்சம் குறையும்போது ஆட்டம் சட்டென்று மோசமாவது, தரையில் உருண்டு வரும் பந்தை நன்றாகவும் வானத்திலிருந்து இறங்கும் பந்தை மோசமாகவும் பிடிப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கண்ணாடி தேவை என்றால் எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையும் பின்னால் கட்டும் பட்டையும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி போட்டால் ஆட முடியாது என்று பிள்ளை தயங்கினால், 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்த இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி கண்ணாடி அணிந்துதான் பந்து வீசினார் என்று சொல்லுங்கள்.

அடுத்தது இரத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 59 சதவீதத்தினருக்கும் ஆண்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. மூன்றாவது ஓவரிலேயே மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது எளிது, செலவும் குறைவு.

சட்டைப் பொத்தான் போடவும், சைக்கிள் பழகவும், கோணல் இல்லாமல் எழுதவும் மற்றப் பிள்ளைகளைவிட மிகத் தாமதமாகிறது, அடிக்கடி தடுக்கி விழுகிறான் என்றால், அது அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. குழந்தை மருத்துவரைப் பார்த்து, அவர் வழியாக ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சை) கிடைத்தால் அன்றாட வேலைகளுக்கே பெரிய உதவியாக இருக்கும். ஆட்டத்தில் தெரியும் முன்னேற்றம் அதன் கூடுதல் பலன்.

பிறகு மட்டை. வளர்கிற பிள்ளைக்குச் சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுக்கும் நம் வழக்கம் மட்டை வாங்கும்போதும் கூடவே வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று வாங்கிய கனத்த மட்டையைத் தூக்கும் பத்து வயதுப் பிள்ளையால் நேராக ஆடவே முடியாது. கீழ்க்கையின் பலத்தால் எல்லாப் பந்தையும் லெக் பக்கம் இழுப்பான், அதைப் பயிற்சியாளர் பழக்கக் கோளாறு என்பார். பிள்ளை நேராக நிற்கும்போது காலோடு ஒட்டி வைத்த மட்டையின் பிடி நுனி ஏறக்குறைய இடுப்பு மூட்டு வரை வர வேண்டும். மேற்கையால் மட்டும் மட்டையைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பத்து விநாடி நடுங்காமல் பிடிக்க முடிய வேண்டும். பந்திலும் இதே கவனம் தேவை. ஆண்கள் ஆடும் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கிரிக்கெட் விதிகள் தரும் எடை 133 முதல் 144 கிராம்தான். சிறு பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் ஸ்டிச் பாலையே (தைத்த தோல் பந்தையே) போடும் பயிற்சி முகாம்கள் இருக்கின்றன. கனமான பந்து விரல் நுனியில் பட்டு வலித்த பிள்ளை அதற்குப் பிறகு கையை முன்னால் நீட்டாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பயம் பார்ப்பவர் கண்ணுக்குத் திறமைக் குறைவாகத் தெரிகிறது. சில மாதங்கள் டென்னிஸ் பந்துக்குத் திரும்பிப் பயம் தெளிந்த பிறகு மறுபடியும் ஸ்டிச் பாலுக்கு வருவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இரண்டாம் படி: பிறந்த மாதத்தையும் வளர்ச்சியின் வேகத்தையும் கணக்கில் எடுங்கள்

பன்னிரண்டு வயதில் "இயற்கையான திறமை" என்று நாம் புகழ்வதில் கணிசமான பங்கு வெறும் உயரமும் எடையும்தான். 1980களில் கனடாவின் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி, அந்நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு எழுதினார். அங்கு வயதுப் பிரிவுக்கான எல்லை நாள் ஜனவரி 1 என்பதால், அதையொட்டிப் பிறந்தவர்கள் தங்கள் பிரிவிலேயே மூத்தவர்களாக இருந்து, பெரிய உடலால் முதலில் தேர்வாகி, அதனால் கூடுதல் பயிற்சியும் பெற்று மேலும் முன்னேறினார்கள். பின்னர் கால்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளிலும் இதுவே காணப்பட்டது. நம் கிரிக்கெட் வாரியத்தின் வயதுப் பிரிவு ஆட்டங்களில் எல்லை நாள் செப்டம்பர் 1. ஆகவே ஆகஸ்டில் பிறந்த பிள்ளை, முந்தைய செப்டம்பரில் பிறந்த, ஏறக்குறைய ஒரு வயது மூத்த பிள்ளையோடு ஒரே பிரிவில் போட்டியிடுகிறது.

இதற்கு மேல் பருவ வளர்ச்சி வேறு. உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கை ஒட்டியும் வருகிறது. பிள்ளைக்குப் பிள்ளை இது இரண்டு ஆண்டுகள் முன்பின்னாகலாம். கையும் காலும் திடீரென்று நீளும் அந்த மாதங்களில், நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கே பந்து வீசும் ஓட்டம் குலைந்துபோவதுண்டு. அதனால் ஆண் பிள்ளையென்றால் பதினைந்து வயதுக்கு முன் அவன் ஆற்றலைப் பற்றி இறுதித் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே சமயம் "வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று அவனிடம் வாக்கும் கொடுக்காதீர்கள், சரியாகாமலும் போகலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல ஊர்களில் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி இல்லாததால் அவர்கள் ஆண் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆண் பிள்ளைகளின் பந்து வேகத்தோடு ஒப்பிடப்பட்டுத் தாங்கள் லாயக்கில்லை என்று நினைத்து நின்றுவிடுகிறார்கள். பெண்கள் ஆட்டத்தில் பந்தின் எடையே வேறு, 140 முதல் 151 கிராம். உங்கள் மகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத்தின் மற்றப் பெண் பிள்ளைகளோடு ஒரு நாள் ஆடவிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்டத்தில் எதை நேசிக்கிறான் என்று கண்டுபிடியுங்கள்

கிரிக்கெட் பிடிக்கும் என்று பிள்ளை சொல்லும்போது அது பல்வேறு ஆசைகளில் ஒன்றாக இருக்கலாம். நண்பர்களோடு இருப்பது பிடித்திருக்கலாம். மட்டையின் நடுவில் பந்து படும் சத்தம் பிடித்திருக்கலாம். களத்தில் ஆட்களை நிறுத்தும் யுக்தி பிடித்திருக்கலாம். எண்ணிக்கைகளும் சராசரிகளும் பிடித்திருக்கலாம். வெள்ளைச் சீருடையும் பேடும் கட்டி நடப்பதே பிடித்திருக்கலாம். எல்லாம் மதிக்கத்தக்க ஆசைகள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டிய உதவி வேறு.

நேராக "ஏன் பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. இரண்டு வாரம் கவனியுங்கள். பயிற்சியிலிருந்து வந்ததும் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறான்? தனியாக இருக்கும்போது சுவரில் பந்தை எறிந்துகொண்டிருக்கிறானா, நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கிறானா? தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது சிக்சருக்குக் கத்துகிறானா, "இப்போ ஸ்லிப்பை எடுத்திருக்கக் கூடாது" என்று முனகுகிறானா? மழையால் பயிற்சி இல்லாத நாளில் எதை இழந்ததாக வருந்துகிறான்? என் மகன் வருந்தியது மட்டை பிடிக்க முடியாததற்காக அல்ல. பயிற்சி முடிந்து எல்லோரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தைப் பேசும் அரை மணி நேரத்துக்காக. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்த அரை மணி நேரத்தை வீண் என்று நினைத்து அவனை அவசரமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்த ஆசையைக் கெடுக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரைசதம் அடித்தால் சைக்கிள், விக்கெட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேரம் பேசாதீர்கள். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும், வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த அந்தக் குழந்தைகள் பின்னர் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துவிட்டது. ரன் அதிகம் வராத பிள்ளைக்கு இத்தகைய பேரம் இரட்டிப்பாக வலிக்கும், ஏனெனில் ஆட்டத்தோடு பரிசையும் ஒவ்வொரு வாரமும் அவன் இழக்கிறான்.

நான்காம் படி: உண்மையைப் பேசுங்கள், வயதுக்கு ஏற்ற அளவில்

இந்தப் படியில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுமாறுகிறோம். பிள்ளைக்குத் தன் நிலை தெரியாது என்று நாம் நினைக்கிறோம். தெருவில் இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்பவன் தான்தான் என்பது அவனுக்கு ஏழு வயதிலேயே தெரிந்துவிடும். "ஒப்புக்குச் சப்பாணி" என்று ஒருமுறை அழைக்கப்பட்டவன் அதை மறப்பதில்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மையை நாம் மறைத்தால், நம் பாராட்டு எதையும் நம்பக்கூடாது என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான்.

எட்டு வயதில் ஒப்பீடே தேவையில்லை. "இன்னைக்கு என்ன பண்ணீங்க? எது ஜாலியா இருந்துச்சு?" என்பது போதும். பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவனே கேட்பான். எங்கள் வீட்டில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"அப்பா, நான் இந்தியாவுக்கு ஆடுவேனாப்பா?"

"தெரியலடா. இந்தியாவுக்கு ஆடுறவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு. ரொம்ப நல்லா ஆடுற அண்ணன்களுக்கே மாவட்ட டீம்ல இடம் கிடைக்கிறது கஷ்டம். இப்ப உன் டீம்லயே உன்னைவிட நல்லா ஆடுறவங்க இருக்காங்க, உனக்கே தெரியும்ல?"

"ம்... தெரியும்."

"உனக்கு ஆடப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்ப ஆடு. போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லா ஆட என்ன வேணுமோ அதுக்கு நான் கூட இருக்கேன். டீம்ல எடுத்தாலும் எடுக்கலைனாலும் உன் பயிற்சி நிக்காது."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். தேர்வாகாத மாதத்தில் கட்டணத்தை நிறுத்துவது, "இதுக்குத்தான் அவ்வளவு செலவு பண்ணினேனா" என்று ஒருமுறை சொல்லிவிடுவது ஆகிய இரண்டும் அந்த வாக்கை முறித்துவிடும்.

பதினான்கு, பதினைந்து வயதில் பேச்சு இன்னும் தெளிவாக இருக்கலாம். 16 வயதுக்கு உட்பட்டோரின் மாநில அணிகள் மோதும் விஜய் மெர்ச்சன்ட் கோப்பைக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் ஒரே ஒரு அணிதான் போகிறது என்பதையும், உங்கள் ஊரில் மட்டும் எத்தனை முகாம்கள், எத்தனை பிள்ளைகள் என்பதையும் அவனோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எண்கள் யாரையும் அவமானப்படுத்துவதில்லை. அணிக்கு வெளியே நிற்பவர்கள்தான் மிகப் பெரும்பான்மை என்பது அப்போது புரியும்.

தாமதமாக வென்றவர்களின் கதைகளை ஆறுதலுக்காக அள்ளி வீசுவதையும் தவிர்க்கலாம். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயது வரை விக்கெட் கீப்பராக ஆடி, இடம் கிடைக்காமல் விட்டுவிட்டு, கட்டடக்கலை படித்து வேலையும் பார்த்தவர். திரும்பி வந்து, முழங்கால் காயத்துக்குப் பிறகு சுழற்பந்துக்கு மாறி, 29 வயதில் 2021இல் இந்தியாவுக்கு ஆடினார். ரவிச்சந்திரன் அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். பின்னால் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த பந்து வீச்சாளர் ஆனார். இவை உண்மைகள்தான். ஆனால் இவற்றைக் கேட்கும் பிள்ளை "எனக்கும் இப்படி ஆக வேண்டும்" என்ற புதிய கடனைத்தான் சுமக்கிறான். இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் வேறொன்று இருக்கிறது: ஒரு வேலை வரவில்லை என்றால் ஆட்டத்துக்குள்ளேயே வேறு வேலையைப் பழகிப் பார்க்கலாம். மட்டை வராதவன் விக்கெட் கீப்பிங் பழகலாம். வேகம் வராதவன் லெக் ஸ்பின் முயலலாம். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதமாவது கொடுங்கள்.

ஐந்தாம் படி: பயிற்சி முகாமைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து எண்ணுங்கள். சுமாராக ஆடும் ஒரு பிள்ளையைக் கண்ணால் தேர்ந்துகொண்டு, அந்த ஒரு மணி நேரத்தில் அவன் எத்தனை பந்துகளை ஆடினான், எத்தனை முறை பயிற்சியாளர் அவன் பெயரைச் சொல்லி ஏதாவது கற்றுக்கொடுத்தார், எவ்வளவு நேரம் வெறுமனே நின்றான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற சில முகாம்களில் மாவட்ட அணிப் பிள்ளைகள் வலைக்குள் நாற்பது நிமிடம் ஆட, மற்றவர்கள் பந்து பொறுக்குவதற்கே கட்டணம் கட்டுகிறார்கள். நாங்கள் முதலில் சேர்ந்த முகாமில் என் மகன் ஒரு முழுக் கோடையில் வலைக்குள் மட்டை பிடித்த நாள்கள் ஒன்பது. அதை நான் எண்ணத் தொடங்கியதே கோடை பாதி முடிந்த பிறகுதான்.

பயிற்சியாளரின் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்கு, முயற்சியைப் பாராட்டவும் தவறு நேரும்போது ஊக்கத்தோடு திருத்தவும் தண்டனையைத் தவிர்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அப்பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 5 சதவீதத்தினர்தான் ஆட்டத்தை விட்டார்கள். மற்றப் பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதத்தினர் விட்டுவிட்டார்கள். இது 1992இல் வெளிவந்த ஆய்வு. ஆகவே கேட்ச் விட்ட பிள்ளையிடம் பயிற்சியாளர் அடுத்த பத்து விநாடியில் என்ன சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "கையை இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவா, அடுத்ததைப் பிடிச்சிரலாம்" என்பவரிடம் சேருங்கள். எல்லோர் முன்னாலும் மட்டம்தட்டுபவர் எத்தனை வீரர்களை உருவாக்கியவராக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஆகமாட்டார்.

சேர்த்த பிறகு பயிற்சியாளரிடம் தனியாக ஒருமுறை பேசிவிடுங்கள். "இவன் மாநில அணிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும், நெட்ஸில் மற்றவர்களைப் போல முறை கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால், நல்ல பயிற்சியாளருக்கு அது பெரிய நிம்மதி.

ஆறாம் படி: வீட்டுப் பயிற்சியைச் சிறிதாகவும் அளவிடக்கூடியதாகவும் வையுங்கள்

உழைப்பு எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று நாம் சொல்லி வளர்க்கப்பட்டோம். ப்ரூக் மெக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கப்படுவது சராசரியாக 18 சதவீதம்தான் என்று கண்டார்கள்; உச்சநிலை வீரர்களுக்கு இடையில் அது 1 சதவீதம். எனவே "உழைத்தால் அவனை மிஞ்சலாம்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நேற்றைய தன்னைவிட இன்று நன்றாக ஆடலாம் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். ஆறு மாத ஒழுங்கான பயிற்சி எந்தப் பிள்ளையிடமும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் கொண்டுவருகிறது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பழைய காலுறையில் பந்தைப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு நேர்மட்டையால் ஐம்பது முறை ஆடுவது. சுவரிலிருந்து நான்கு அடி, பிறகு எட்டு அடி தள்ளி நின்று டென்னிஸ் பந்தை எறிந்து பிடிப்பது. ஒரே ஸ்டம்பை நட்டுப் பதினைந்து அடி தூரத்திலிருந்து குறி பார்த்து எறிவது. இவற்றை ஒரு நோட்டில் தேதியோடு குறிக்கச் சொல்லுங்கள்: நூறில் எத்தனை பிடித்தான், இருபதில் எத்தனை முறை ஸ்டம்பில் பட்டது. அந்த நோட்டில் வேறு எந்தப் பிள்ளையின் எண்ணும் இடம்பெறக் கூடாது.

பிறவித் திறனை அதிகம் கேட்காத வேலைகள் கிரிக்கெட்டில் நிறைய இருக்கின்றன என்பது அந்த ஆட்டத்தின் பெருந்தன்மை. எறியப்படும் பந்துக்குப் பின்னால் ஓடி நின்று ஓவர்த்ரோவைத் தடுப்பது, ரன்னுக்கு அழைக்கும்போது தெளிவாகவும் உரத்தும் குரல் கொடுப்பது, எதிர்முனையில் மட்டையைக் கோட்டுக்குள் தேய்த்து வைப்பது, எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் தூக்கி அடிக்கிறார் என்று கவனித்துக் கேப்டனிடம் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் பழகிப் பெறலாம். அணியில் பதினோராவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நிற்கும்போது பயிற்சியாளர் இவற்றைத் தெரிந்தவனைத்தான் எடுப்பார்.

ஆசை அதிகமுள்ள பிள்ளை உடலை வருத்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வாரத்தில் முறையான பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலர் சொல்லும் எளிய அளவு: பதினொரு வயதுக்குப் பதினொரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வேகப்பந்து வீசும் பிள்ளையானால், 13 வயதுக்கு உட்பட்டோர் இடைவெளியின்றி வீசும் ஒரு தவணையில் 5 ஓவருக்கும் ஒரு நாளில் 10 ஓவருக்கும் மேல் வீசக் கூடாது என்று இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் வகுத்த வரம்பை நீங்களே எண்ணிக் கடைப்பிடியுங்கள். வளரும் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படுவதைத் தடுக்கவே அந்த வரம்பு. கீழ்முதுகு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏழாம் படி: ஆட்ட நாளில் குறைவாகப் பேசுங்கள்

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்திச் சொல்லும் ஆலோசனை எந்தப் பிள்ளைக்கும் உதவியதை நான் பார்த்ததில்லை. தண்ணீர், தொப்பி, வாழைப்பழம் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். வண்டியில் திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி அவன் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் "பசிக்குதா?" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். தவறவிட்ட கேட்ச் அவன் மனத்தில் ஏற்கெனவே ஐம்பது முறை ஓடியிருக்கும்.

எட்டாம் படி: பட்டியலில் பெயர் இல்லாத மாலை

தேர்வுப் பட்டியல் வரும் நாள் உங்களுக்கு முன்பே தெரியும். அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் இல்லை என்றால் முதலில் அவன் அழட்டும். தேர்வாளர்களைத் திட்டாதீர்கள், சிபாரிசு என்று பழி போடாதீர்கள். அப்படி ஒன்று நடந்திருந்தாலும் அதைப் பேச அந்த மாலை நேரமல்ல. "போனா போகுது, இதெல்லாம் ஒரு விஷயமா" என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது பெரிய விஷயம்தான். "வருத்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பது போதுமானது. அன்று பாட்டியோ அத்தையோ தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவன் ஒவ்வொருவரிடமும் தோல்வியைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நாள் கழித்து, அவன் விரும்பினால், பயிற்சியாளரிடம் அவனே போய் "அடுத்த முறைக்கு நான் எதை முதலில் சரிசெய்யணும் சார்?" என்று கேட்கட்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். ஐந்து குறைகளின் பட்டியலோடு திரும்பி வரும் பிள்ளை எதையும் தொடங்கமாட்டான்.

ஒன்பதாம் படி: ஆட்டத்தின் மற்ற வாசல்களைக் காட்டுங்கள், உள்ளே தள்ளாதீர்கள்

ஸ்கோர் எழுதுதல், நடுவராக நிற்றல், ஆட்டத்தைக் காணொளியில் அலசுதல், வர்ணனை, ஆடுகளம் தயாரித்தல், காயங்களுக்குச் சிகிச்சை என்று கிரிக்கெட்டைச் சுற்றி நிறைய வேலைகள் இருக்கின்றன. 57 டெஸ்ட் ஆடிய நம் எஸ். வெங்கட்ராகவன் அதைவிட அதிகமாக 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முதலாகப் பெண்கள் மூவர் களநடுவர்களாக நின்றார்கள், அவர்களில் என். ஜனனி சென்னைக்காரர், விருந்தா ரதி அதற்கு முன் ஸ்கோரராகப் பணியாற்றியவர். ஹர்ஷா போக்ளே முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் உலகமறிந்த வர்ணனையாளர் ஆனார்.

இவற்றைத் தேர்வாகாத அன்று ஆறுதல் பரிசாக நீட்டினால் பிள்ளைக்கு அவமதிப்பாகத்தான் படும். ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, எந்த நோக்கமும் காட்டாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு அழைத்துப்போய் ஸ்கோரருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். புள்ளியும் கோடுமாக ஒரு ஓவர் தாளில் எழுதப்படுவதைப் பார்த்து அவன் கண் விரிந்தால் அடுத்த வாரமும் அழைத்துப் போங்கள். விரியாவிட்டால் அத்தோடு விடுங்கள். மூன்றாம் படியில் நீங்கள் கண்டுபிடித்தது இங்கேதான் கைகொடுக்கும்: எண்களை நேசிப்பவனுக்கு ஸ்கோர் புத்தகம் பிடிக்கும், நண்பர்களை நேசிப்பவனுக்கு அது சிறைபோல இருக்கும். பின்னவனுக்கு வேண்டியது ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் ஆடும் ஒரு நல்ல கூட்டம். அலுவலகம் போகும் வயதிலும் நாற்பதைத் தாண்டியும் வாரம் தவறாமல் ஆடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதுவும் முழுமையான கிரிக்கெட் வாழ்க்கைதான்.

பத்தாம் படி: பணம், படிப்பு, நிறுத்தம்

ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையை முதலிலேயே முடிவு செய்து, அதை மீறாதீர்கள். கடன் வாங்கிச் செய்யும் செலவு எப்போதாவது ஒரு நாள் குத்தலாக வாயில் வந்துவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்கும் என்ற கணக்கையும் இந்தப் பிள்ளையின் விஷயத்தில் அடியோடு விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு தேர்வும் குடும்பத்தின் தேர்வாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டுகளில் பயிற்சியைக் குறைக்கலாம், முழுதாக நிறுத்த வேண்டாம். வாரம் இரண்டு மாலை மைதானம் போய்வரும் பிள்ளை மற்ற மாலைகளில் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கிறது என்பது என் அனுபவம்.

பயிற்சி நாளன்று காலையில் அடிக்கடி வயிற்றுவலி, முன்பு போலத் தானாக எழாமை, கிட் பேக் வந்து போட்ட இடத்திலேயே நாள்கணக்கில் கிடப்பது, நண்பர்களைப் பற்றிப் பேச்சே இல்லாமை ஆகியவை தெரிந்தால் காரணத்தை மெதுவாக விசாரியுங்கள். கேலியோ அடியோ அதைவிட மோசமான ஏதாவதோ நடந்திருக்கலாம். அப்படியானால் அன்றே அந்த முகாமிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணம் வெறும் சலிப்பு என்றால் ஒரு மாதம் விடுப்பு கொடுத்துப் பாருங்கள்.

ஒரு நாள் அவனே வந்து "போதும்பா" என்று சொல்லலாம். உடனே சம்மதியுங்கள். இத்தனை ஆண்டுச் செலவைக் கணக்குச் சொல்லாதீர்கள், "அப்பவே சொன்னேன்" என்றும் சொல்லாதீர்கள். மட்டையையும் பேடையும் மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாமல், துடைத்து, மட்டைக்கு எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். எங்கள் வீட்டில் அவை பதினோரு மாதம் பரணில் இருந்தன. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, தெருமுனையில் ஆள் குறைகிறது என்று யாரோ கூப்பிட்டதாகச் சொல்லி, அவன் ஏணியைக் கேட்டான்.